குறி வேறு, நோய் வேறு

நாளிதழுக்குள் செருகி வரும் துண்டு விளம்பரங்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் நகைக்கடைகளுக்கும் இணையாக இப்போது இடம்பிடித்திருப்பது 'முழு உடல் பரிசோதனை'. 60, 70, 80 என்று பரிசோதனைகளின் எண்ணிக்கை; பாதிக்கும் குறைவான விலை; வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துச் செல்லும் வசதி. கூடுதலாகச் சில நூறு ரூபாய் கொடுத்தால் 'புற்றுநோய்க் குறிப்பான்கள்' என்றொரு தொகுப்பும் சேர்ந்துகொள்கிறது. காலை நடைப்பயிற்சியில் என் வயதுக்காரர்கள் முன்பு பங்குச்சந்தைப் புள்ளிகளைப் பற்றிப் பேசினார்கள். இன்று மூன்று மாதச் சர்க்கரை அளவையும் கிரியாட்டினினையும் தசமப்புள்ளி பிசகாமல் ஒப்பிக்கிறார்கள். நீரிழிவு உள்ளவன் என்பதால் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

பொருளாதாரம் கற்பித்தவனுக்கு இந்த எண்களைப் பார்க்கும்போது பழைய வகுப்பறைப் பாடம் ஒன்று நினைவுக்கு வரும். விலைவாசிக் குறியீட்டெண் என்பது வாழ்க்கைச் செலவு அன்று. அதைப் பற்றிய ஓர் அறிகுறி. எந்தப் பண்டங்களைக் கொண்டு, யாருக்காக, எந்தக் கேள்விக்கு விடையாக அது கணக்கிடப்பட்டது என்பதை அறியாமல் அதைக் கையாண்டால் தவறான முடிவுக்கே வந்து சேர்வோம். பரிசோதனைக் கூடம் தரும் அறிக்கைக்கும் இது பொருந்தும். ஒரே எண், ஒருவருக்கு உயிர்காக்கும் செய்தியாகவும் இன்னொருவருக்கு வீண் அலைச்சலின் தொடக்கமாகவும் ஆகக்கூடும்.

உடலில் நடப்பதை வெளியே காட்டித்தரும், அளக்கக்கூடிய பொருள்களைத்தான் மருத்துவர்கள் 'பயோமார்க்கர்' என்கிறார்கள். உயிரிக் குறிப்பான் என்று தமிழில் சொல்லலாம். கருத்து நமக்குப் புதிதன்று. சித்த மருத்துவத்தில் சிறுநீரின் நிறமும் மணமும் நீர்க்குறி. அதன்மேல் விட்ட எண்ணெய்த் துளி பரவும் விதம் நெய்க்குறி. நவீன மருத்துவத்தில் புற்றுநோய்க்கான முதல் குறிப்பானாகக் கருதப்படுவதும் சிறுநீரில் கண்டதுதான். எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயாளி ஒருவரின் சிறுநீரில் இருந்த விசித்திரமான புரதத்தை லண்டன் மருத்துவர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் 1840-களின் இறுதியில் ஆராய்ந்து எழுதினார். அந்தப் புரதம் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

நம் வீடுகளில் மிகவும் பழகிப்போன குறிப்பான் ஹெச்பிஏ1சி. ஈரானிய மருத்துவர் சாமுவேல் ரஹ்பர் 1960-களின் இறுதியில் நீரிழிவு நோயாளிகளின் ரத்தத்தில் வழக்கத்துக்கு மாறான ஹீமோகுளோபினைக் கண்டறிந்ததிலிருந்து இதன் கதை தொடங்குகிறது. ரத்தத்தில் மிதக்கும் சர்க்கரை, சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள்கள். ஆகவே ஒட்டியிருக்கும் சர்க்கரையின் விகிதம் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைச் சொல்லிவிடுகிறது. பரிசோதனைக்கு முந்தைய நாள் மட்டும் பட்டினி கிடந்து மருத்துவரை ஏமாற்ற முடியாது! 6.5 சதவீதமும் அதற்கு மேலும் நீரிழிவு, 5.7 முதல் 6.4 வரை நீரிழிவின் வாசற்படி.

சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர்களின் தலைமையில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் நீரிழிவு உள்ளோர் 10.1 கோடி என மதிப்பிட்டது. இத்தகைய நாட்டில் இந்தப் பரிசோதனையின் அருமையை விளக்க வேண்டியதில்லை. ஆனால், சிவப்பணுவின் ஆயுளை நம்பி நிற்கும் அளவுகோல் இது என்பதையும் மறக்கலாகாது. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை வந்தவர்களுக்கு இந்த எண், சர்க்கரை கூடாமலேயே சற்று உயர்ந்து காட்டும். சிவப்பணுக்கள் விரைவில் அழியும் நோய் உள்ளவர்களுக்கும், அண்மையில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும் தாழ்ந்து காட்டக்கூடும். ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை உண்டு. அப்படியானால், 6.6 என்ற எண்ணோடு வரும் வெளிறிய முகமுள்ள பெண்ணுக்கு நீரிழிவு மாத்திரை எழுதும் முன் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்க்க வேண்டுமல்லவா? பார்க்கும் மருத்துவர்கள் பலர் உண்டு. இணையத்தில் அறிக்கையைப் பெற்றுத் தாமே மருந்துக்கடைக்குச் செல்வோருக்கு அதைச் சொல்ல ஆளில்லை.

இதைவிடவும் ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. பிரிட்டிஷ் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-இல் கூறிய கருத்து பின்னர் அவர் பெயரில் விதியாகவே வழங்கலாயிற்று: ஓர் அளவீட்டையே இலக்காக்கிவிட்டால், அது நல்ல அளவீடாக இருப்பதை நிறுத்திக்கொள்ளும். மருத்துவத்தில் இதற்கு அஞ்சத்தக்க சான்று 2008-இல் கிடைத்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இதயநோய் அபாயம் மிகுந்த 10,251 நீரிழிவு நோயாளிகளைக் கொண்டு 'அக்கார்டு' என்னும் ஆய்வு நடந்தது. ஒரு பாதியினருக்கு ஹெச்பிஏ1சி-யை 6-க்கும் கீழே கொண்டுவரத் தீவிர சிகிச்சை. மறு பாதியினருக்கு 7-க்கும் 8-க்கும் இடையே வைத்திருந்தால் போதும். எண் எதிர்பார்த்தபடியே இறங்கியது. ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் 257 பேரும் மற்றதில் 203 பேரும் இறந்திருந்தனர். தீவிர சிகிச்சை பாதியிலேயே கைவிடப்பட்டது.

இதனால் சர்க்கரையைக் கட்டுப்படுத்த வேண்டாம் என்று யாரும் பொருள்கொண்டுவிடக் கூடாது. புதிதாக நீரிழிவு வந்தவர்களிடம் பிரிட்டனில் நடந்து 1998-இல் வெளியான நெடுங்கால ஆய்வில், சராசரி 7.9-க்குப் பதில் 7.0-இல் இருந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் ஆகியவற்றின் நுண்குழாய்ப் பாதிப்புகள் கால் பங்கு குறைந்தன. நாற்பது வயதில் நோய் வந்தவருக்கு உகந்த எண்ணும், எழுபத்தைந்து வயதில் இதயநோயோடு வாழ்பவருக்கு உகந்த எண்ணும் ஒன்றல்ல என்பதே இரு ஆய்வுகளும் சேர்ந்து சொல்வது.

வயிற்றுநோய்களில் குறிப்பான்களின் பயன் வேறு விதம். நாள்பட்ட வயிற்றுப்போக்கோடு வருபவருக்குக் குடலில் அழற்சி இருக்கிறதா, அல்லது புண்ணோ வீக்கமோ இல்லாத, குடல் இயக்கம் சார்ந்த தொல்லைதானா என்று பிரித்தறிய மலத்தில் 'கால்புரோடெக்டின்' என்ற புரதத்தை அளக்கிறார்கள். குறைவாக இருந்தால், பலருக்குப் பெருங்குடல் உள்நோக்கிச் சோதனையைத் தவிர்த்துவிடலாம். மேலைநாட்டில் அது மிகுந்திருந்தால் மருத்துவர் முதலில் 'குரோன்' போன்ற அழற்சி நோய்களை நினைப்பார். நம் நாட்டிலோ குடல் காசநோயும் அதே எண்ணைத் தரும். இவ்விரண்டின் சிகிச்சைகளோ எதிரெதிரானவை. ஒன்றுக்கு நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து. மற்றதில் அதே மருந்து கிருமிக்குக் கதவைத் திறந்துவிடும்.

வயிற்றுப்புண்ணை உண்டாக்கும் 'ஹெலிகோபாக்டர் பைலோரி' கிருமியின் கதையும் இத்தகையதே. இதைக் கண்டறிந்த ஆஸ்திரேலியர்கள் பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவரும் 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். மார்ஷல் அக்கிருமியைத் தாமே குடித்துப் பார்த்தவர். ரத்தத்தில் இக்கிருமிக்கான எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனை மலிவானது. ஆனால் கிருமி ஒழிந்த பின்னும் எதிர்ப்பொருள் மாதக்கணக்கில், ஏன் ஆண்டுக்கணக்கிலும் தங்கியிருக்கும். எனவே மருந்து வேலை செய்ததா என்று அறிய அது உதவாது. அதற்கு மூச்சுக்காற்றுச் சோதனையோ மலச் சோதனையோ வேண்டும்.

புற்றுநோய்க்கு வருவோம். பெருங்குடல் புற்றுநோய்க்கான 'சிஇஏ' குறிப்பானை 1965-இல் கனடாவின் மான்ட்ரியலில் பில் கோல்டும் சாமுவேல் ஃபிரீட்மனும் கண்டறிந்தபோது, ஒரு துளி ரத்தத்தில் புற்றுநோயைப் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை எழுந்தது. அது நிறைவேறவில்லை. புகைபிடிப்பவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அந்த எண் உயர்கிறது. தொடக்கநிலைப் புற்றுநோயாளிகள் பலருக்கோ உயர்வதில்லை. இருந்தும் அறுபது ஆண்டுகளாக அது மருத்துவமனைகளில் நிலைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. அறுவை சிகிச்சைக்குப் பின் சில மாதங்களுக்கு ஒருமுறை அளந்து வந்தால், இறங்கிய எண் மீண்டும் ஏறும்போது நோய் திரும்புகிறதோ என்று எச்சரிக்கும். நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் இமாட்டினிப் மாத்திரை சாப்பிடுவோருக்கு 'பிசிஆர்-ஏபிஎல்' என்ற மரபணுக் குறிப்பானை அளக்கிறார்கள். மூன்று மாதத்தில் 10 சதவீதத்துக்குள், ஓராண்டில் 0.1 சதவீதத்துக்குள் அது இறங்க வேண்டும். இறங்காவிட்டால் மருந்தை மாற்றுவது குறித்து மருத்துவர் யோசிப்பார். ஒரு காலத்தில் கொல்லும் நோயாக இருந்ததைப் பல ஆண்டுகள் உடன்வாழும் நோயாக மாற்றியதில் மாத்திரைக்கு உள்ள பங்கில் ஒரு பகுதி இந்த எண்ணுக்கும் உண்டு. நோய் இன்னதென்று தெரிந்த பின் அதைப் பின்தொடர்வதில் குறிப்பான்கள் வல்லவை.

நோயே இல்லாதவர்களிடம் அதே குறிப்பான்களைக் கொண்டு வலைவீசும்போது கணக்கு தலைகீழாகிறது. சூலகப் புற்றுநோய்க்கான 'சிஏ-125' எடுத்துக்கொள்வோம். மாதவிடாய் நின்ற பெண்கள் 10,000 பேரில் நான்கு பேருக்கு இந்நோய் மறைந்திருப்பதாகக் கொள்க. பரிசோதனை அவர்களில் மூவரைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது. நலமானவர்களில் 2 சதவீதத்தினரை மட்டும் தவறாகச் சுட்டுகிறது. கேட்பதற்கு நல்ல பரிசோதனையாகவே தோன்றும். ஆனால் 9,996 பேரில் 2 சதவீதம் என்பது 200 பேர். ஆக, அபாயம் என்ற முத்திரையோடு வீடு திரும்பும் 203 பேரில் உண்மையில் நோயுள்ளவர் மூவர். நோய் இருந்தும் 'இயல்பு' என்ற சான்றோடு திரும்புபவர் ஒருவர். பரிசோதனைக் கூடம் எந்தத் தவறும் செய்யவில்லை. நோய் அரிதாக இருப்பதன் விளைவு இது. கருப்பை உட்படல நோயிலும், வயிற்றுக் காசநோயிலும், மாதவிடாய் நாள்களிலுங்கூட சிஏ-125 உயரும்.

என் நண்பர் ஒருவரின் மனைவிக்கு இப்படித் தொகுப்புப் பரிசோதனையில் எண் சற்றே கூடியிருந்தது. அடுத்த ஏழு வாரங்கள் ஸ்கேன், மறுபரிசோதனை, இரண்டு ஊர்களில் மூன்று மருத்துவர்கள் என்று கழிந்தன. இறுதியில் ஒன்றுமில்லை என்றார்கள். தொகுப்பின் விலை 1,800 ரூபாய். அதன் பின் ஆன செலவு அதைப்போல் இருபது மடங்குக்கும் மேல். அந்த ஏழு வாரத் தூக்கமின்மைக்கு எந்தப் பொருளாதாரத்தில் விலை குறிப்பது?

ஆய்வுகளும் இதையே உறுதிப்படுத்துகின்றன. பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து, சிஏ-125 அளவின் ஏற்றத்தாழ்வைக் கொண்டு ஆண்டுதோறும் சோதித்த பெருமுயற்சியின் இறுதி முடிவு 2021-இல் வெளியானது. முற்றிய நிலையில் கண்டறியப்பட்டோர் சற்றுக் குறைந்தனர். சூலகப் புற்றுநோய் மரணங்கள் குறையவில்லை. ஆண்களின் புராஸ்டேட் சுரப்பிக்கான 'பிஎஸ்ஏ' குறித்தும் அமெரிக்காவில் நீண்ட விவாதம் நடந்தது. அதைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ரிச்சர்ட் ஆப்லினே, பொதுமக்களிடம் அதைக் கொண்டு சல்லடை போடுவது பெருந்தவறு என்று 2010-இல் நாளிதழில் எழுதினார். அந்நாட்டின் வல்லுநர் குழு 2012-இல் அச்சோதனை வேண்டாம் என்றது. 2018-இல், 55 முதல் 69 வயது வரையுள்ளோர் மருத்துவருடன் கலந்து பேசித் தாமே முடிவு செய்யட்டும் என்று தளர்த்தியது.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது ஜப்பானின் அனுபவம். குழந்தைகளின் நரம்புத் திசுவில் தோன்றும் 'நியூரோபிளாஸ்டோமா' என்ற புற்றுநோய் சிறுநீரில் சில வேதிப்பொருள்களை வெளியிடும். 1980-களின் நடுவிலிருந்து அந்நாடு முழுவதும் ஆறு மாதக் குழந்தைகளின் சிறுநீரை வடிதாளில் நனைத்துச் சோதித்தார்கள். நோயுற்ற குழந்தைகள் நிறையக் கண்டறியப்பட்டனர், அறுவையும் மருந்தும் தரப்பட்டன, பெரும்பாலோர் பிழைத்தனர். வெற்றி என்றே தோன்றியது. ஆனால் கனடாவிலும் ஜெர்மனியிலும் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகள் 2002-இல் வெளிவந்தபோது, இத்தகைய சோதனையால் மரணம் குறையவில்லை என்பது தெரிந்தது. குழந்தைப் பருவத்தின் இந்தக் கட்டிகளில் பல தாமாகவே கரைந்துவிடும் தன்மையுடையவை. உயிர்கொல்லும் வகையோ பெரும்பாலும் பின்னர்தான் தோன்றியது. தேவையில்லாத சிகிச்சைக்குப் பச்சிளங்குழந்தைகள் ஆளாகியிருந்தனர். ஜப்பான் அத்திட்டத்தை 2004-இல் நிறுத்தியது. நல்ல எண்ணத்தோடு தொடங்கிய திட்டத்தை, சான்று கண்டு நிறுத்தும் துணிவு எல்லா அரசுகளுக்கும் வாய்ப்பதில்லை.

தொகுப்புகள் ஏன் இவ்வளவு மலிவு என்று கேட்போர் உண்டு. தானியங்கிப் பகுப்பாய்வு இயந்திரத்தின் முதலீடு பெரிது. ஒருமுறை எடுத்த ரத்தத்தில் கூடுதலாக ஒரு சோதனை செய்ய ஆகும் செலவு சிறிது. எண்ணிக்கையைக் கூட்டக் கூட்ட விளம்பரம் கவர்ச்சியாகிறது. அறிக்கையில் 'இயல்பு வரம்பு' என்று அச்சிடப்படுவது பெரும்பாலும் நலமானவர்களில் நடுவிலுள்ள 95 சதவீதத்தினரின் அளவு. அப்படியானால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளைச் செய்துகொள்ளும் முழு நலமுள்ள ஒருவருக்கு, ஏதேனும் ஒன்றாவது தடித்த எழுத்தில் வருவதற்கான வாய்ப்பு 64 சதவீதம். மருத்துவச் சந்தையில் விற்பவர் அறிந்தது வாங்குபவருக்குத் தெரியாது என்று கென்னத் ஆரோ 1963-லேயே எழுதினார். இங்கு வாங்குபவரின் கையில் தகவல் ஏராளம். அதைப் படித்துச் சொல்லும் ஆள்தான் இல்லை. வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தோருக்கு முன்தடுப்புப் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை கழிவு உண்டு. எந்தப் பரிசோதனை என்று வரித்துறை கேட்பதில்லை.

2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் பணியாளர் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும்தான் முதலில் பார்க்கிறார். எளிய, பழைய இரண்டே அளவுகள். ஆனால் இவை பரவலான நோய்களைக் காட்டுபவை. கண்டால் தருவதற்கு மலிவான மருந்தும் உண்டு. 80 சோதனைத் தொகுப்பைவிடப் பொதுப்பணத்துக்கு இதுவே நற்செலவு என்பது என் மதிப்பீடு. பெருங்குடல் புற்றுநோய்க்கு மலத்தில் மறைந்துள்ள ரத்தத்தைத் தேடும் சோதனை, நலமானவர்களிடமும் பயனுள்ளது என்று நிறுவப்பட்ட ஒன்று. அது விளம்பரங்களில் அதிகம் கண்ணில் படுவதில்லை.

தனியார் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு 1997-இல் சட்டம் இயற்றியது. அதற்கான விதிகள் வர 2018 ஆயிற்று. அவ்விதிகளில் இரண்டைச் சேர்க்கலாம். புற்றுநோய்க் குறிப்பான்களை மருத்துவரின் எழுத்துவழிப் பரிந்துரையின்றித் தொகுப்பில் விற்கக் கூடாது. ஒவ்வோர் அறிக்கையிலும் எந்த முறையில், எந்த இயந்திரத்தில் அளக்கப்பட்டது என்று குறிப்பிட வேண்டும். ஏனெனில் பிஎஸ்ஏ, சிஇஏ போன்றவற்றில் முறை மாறினாலே எண் மாறும். சென்ற ஆண்டு ஓரிடத்திலும் இந்த ஆண்டு வேறிடத்திலும் எடுத்த அளவுகளை ஒப்பிட்டு நோய் கூடியது என்றோ குறைந்தது என்றோ சொல்ல இயலாது. அதுவரை, நோயைத் தொடர்ந்து கண்காணிப்பவர்கள் ஒரே கூடத்தில் ரத்தம் கொடுப்பதும், பழைய அறிக்கைகளைத் தேதிவாரியாகக் கோப்பில் வைத்து மருத்துவரிடம் காட்டுவதும் செலவில்லாத வழி.