உங்களுக்குத் தெரியுமா? காலிக் கோட்டைக்குள் ஒரு ராத்திரி!

● இலங்கையின் தென்கரையில் உள்ள காலிக் கோட்டைக்குப் போர்த்துக்கீசர் அடித்தளமிட்டனர். 1640இல் அதைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் 14 கொத்தளங்களோடு விரிவாக்கினர். 1988 முதல் இது யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலம்.

● இங்கே ஹோட்டல் தொழில் புதிதல்ல. நீராவிக் கப்பல் பயணிகள் காலியில் இறங்கிய 1860களிலேயே, ஒரு பழைய டச்சுக் கட்டடம் ‘நியூ ஓரியண்டல்’ ஹோட்டலாகிவிட்டது. கொழும்பில் புதிய துறைமுகம் எழுந்ததும் கப்பல்கள் அங்கே திரும்பின. அந்தக் கட்டடம் இன்று ‘அமன்கல்லா’ சொகுசு ஹோட்டல்.

● ‘ஃபோர்ட் பிரிண்டர்ஸ்’ ஹோட்டல் இருப்பது, முன்பு அச்சகம் இயங்கிய மாளிகையில். பெயரிலேயே பழைய தொழில் தங்கிவிட்டது!

● ஏ.சி. வருமுன்பே கோட்டைக்குள் இருக்கும் பழைய வீடுகள் குளுகுளு. முருகைக்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய தடித்த சுவர் வெயிலைத் தாங்கும். உயர்ந்த ஓட்டுக்கூரைக்குச் சூடு ஏறிவிடும். நடுமுற்றமும் தூண் வைத்த திண்ணையும் காற்றை இழுத்துவரும். இப்போது ஹோட்டலாக மாறிய பல வீடுகளில் சாப்பாட்டு மேசை அந்த முற்றத்தில்தான்.

● பழைய டச்சு மருத்துவமனையில் இன்று கடைகளும் உணவகங்களும் நடக்கின்றன.

● 2004 சுனாமி காலி நகரைச் சூறையாடியபோது, கோட்டைக்குள் இருந்த பகுதி பெருமளவு தப்பியது. காரணம், டச்சு மதில்கள்.

● சீனக் கடற்தளபதி செங் ஹே நிறுவிய, 1409ஆம் ஆண்டு தேதியிட்ட மும்மொழிக் கல்வெட்டு 1911இல் கிடைத்ததும் காலியில்தான். சீனம், பாரசீகத்தோடு அதில் இருக்கும் மூன்றாவது மொழி, தமிழ்! கல்வெட்டைப் பார்க்க, கொழும்பு தேசிய அருங்காட்சியகம் போகவேண்டும்.