அச்சுப்பொறியும் துபாஷியும்

கணினி வந்தால் காகிதம் போய்விடும் என்று ஒரு காலத்தில் எல்லோரும் சொன்னார்கள். காகித வியாபாரியான எனக்கு அது கவலையாகக்கூட இருந்தது. நடந்தது வேறு. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்த பிறகும், சரக்குக்கான பில்லை வாங்குபவருக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று, நமக்கு ஒன்று என்று மூன்று படி எடுக்க வேண்டும் என்பதுதான் விதி. உரிய தாள்கள் இல்லாமல் புறப்பட்ட வண்டியை வழியில் நிறுத்தி வைக்க அதிகாரிகளுக்குச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே சாயங்காலம் பிரிண்டர் நின்றால் வியாபாரமே நின்ற மாதிரிதான்.

தில்லி சாவ்ரி பஜாரில் உள்ள என் கடையில் ஐந்து கணினிகள், இரண்டு பிரிண்டர்கள், ஒரு சர்வர். கல்லூரியில் கணினி படித்தவன் அல்லன் நான். புத்தகம் பார்த்தும் செய்து பார்த்தும் தெரிந்துகொண்டதை, சிறு தொழில் நடத்தும் நம்மவர்களுக்கும் சங்க அலுவலகங்களைக் கவனித்துக்கொள்ளும் அன்பர்களுக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

டிரைவர் என்பவர் யார்?

டிரைவர் என்றதும் வண்டி ஓட்டுபவர் நினைவுக்கு வருவார். கணினித் தமிழில் 'இயக்கி' என்கிறோம். எனக்கு என்னவோ 'துபாஷி' என்ற பழைய சொல்தான் பொருத்தமாகப் படுகிறது. இரண்டு மொழி அறிந்தவர் துபாஷி. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்கு ஆனந்தரங்கப் பிள்ளை எப்படியோ, கணினிக்கு டிரைவர் அப்படி. கணினி ஒரு மொழியில் சொல்வதை, பிரிண்டருக்குத் தெரிந்த மொழியில் மாற்றிச் சொல்வது அதன் வேலை. பி.சி.எல்., போஸ்ட்ஸ்கிரிப்ட் என்பவை அப்படிப்பட்ட பிரிண்டர் மொழிகள். தப்பான துபாஷியை வைத்தால் தாள் தாளாகப் புரியாத குறிகள் வந்து விழும்.

இன்னொருவர் ஸ்பூலர். இவர் வரிசைக்காரர். ஐந்து பேர் ஒரே சமயத்தில் அனுப்பினாலும் ஒவ்வொன்றாக வாங்கி வைத்து, முறைப்படி பிரிண்டருக்கு அனுப்புவார். சர்வரில் பிரிண்டரைப் பகிர்வது என்றால், இந்த இருவரையும் ஒரே இடத்தில் உட்கார வைப்பதுதான்.

செய்யும் வரிசை

முதலில் பிரிண்டருக்கு நிலையான ஐ.பி. முகவரி கொடுங்கள். மின்சாரம் போய் வந்ததும் பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்று காட்டுவதற்குப் பல இடங்களில் காரணம், ரவுட்டர் அதற்குப் புது முகவரி கொடுத்துவிடுவதுதான். ரவுட்டரிலேயே 'இந்த இயந்திரத்துக்கு இந்த எண்' என்று ஒதுக்கிவிட்டால் தொல்லை இல்லை.

இரண்டாவது, சர்வரில் பிரிண்டரைச் சேர்க்கும்போது, தானாகக் கண்டுபிடித்ததை அப்படியே ஏற்காமல், 'ஸ்டாண்டர்ட் டி.சி.பி./ஐ.பி. போர்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்து அந்த எண்ணைக் கொடுங்கள். பெரும்பாலான பிரிண்டர்கள் 9100 என்ற போர்ட்டில் கேட்கும்.

மூன்றாவது, டிரைவர். பிரிண்டர் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். 2009-இல் வந்த விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 தொடங்கி சர்வர்கள் எல்லாம் 64 பிட். விண்டோஸ் 11-இலும் 32 பிட் பதிப்பு கிடையாது. ஆனால் மூலையில் ஒரு பழைய 32 பிட் கணினி இருந்தால், பிரிண்டரின் 'ஷேரிங்' பக்கத்தில் 'கூடுதல் டிரைவர்' பொத்தானை அழுத்தி அதற்கானதையும் ஏற்ற வேண்டும். ஒரே கம்பெனியின் பல மாடல்கள் இருந்தால், அவர்களின் பொது டிரைவர் ஒன்றே பலவற்றுக்குப் போதும்.

நான்காவது, பகிர்வுப் பெயர். இடைவெளி இல்லாமல், சுருக்கமாக. 'மாடி லேசர்', 'கல்லா பில்' என்பதுபோல இடத்தையும் வேலையையும் சொல்லும் பெயர் நல்லது. நடுவில் ஒரு சிறு கோடு போட்டுக்கொள்ளலாம்.

ஐந்தாவது, உரிமை. அச்சிடுவது, தாள்களை நிர்வகிப்பது, பிரிண்டரையே நிர்வகிப்பது என்று மூன்று படிகள் உண்டு. வழக்கமாக 'எல்லோரும்' அச்சிடலாம் என்றிருக்கும். அதை எடுத்துவிட்டு நம் ஆட்களின் குழுவை மட்டும் சேர்க்க வேண்டும். நிர்வாக உரிமை ஒருவர் அல்லது இருவரிடம் இருந்தால் போதும்.

2021-இல் வந்த ஆபத்து

இதுவரை சொன்னது வசதி. இனி சொல்வது பாதுகாப்பு. ஸ்பூலர் விண்டோஸில் மிக உயர்ந்த அதிகாரத்துடன் ஓடுவது. டிரைவர் சேர்க்கும் வழியில் இருந்த ஓட்டையால், சாதாரணப் பயனாளர் ஒருவரே சர்வரைக் கைப்பற்றிவிட முடியும் என்பது 2021-இல் வெளிவந்தது. 'பிரிண்ட்நைட்மேர்' என்று அதற்குப் பெயர். மைக்ரோசாஃப்ட் அந்த ஜூலையிலேயே அவசரத் திருத்தம் வெளியிட்டது. ஆகஸ்ட் 10 அன்று வந்த திருத்தத்துக்குப் பின், சர்வரிலிருந்து டிரைவரை இறக்க நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டும் என்று ஆகிவிட்டது.

அதுவரை பிரிண்டரைச் சொடுக்கினால் தானாகவே டிரைவர் இறங்கிக்கொண்டிருந்தது. திடீரென்று கடவுச்சொல் கேட்டதும் பல இடங்களில் குழப்பம். என் கடைக்கு வந்த சர்வீஸ்காரர் ஒருவர், ரிஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சுழியாக்கிப் பழையபடி செய்துவிட்டு, "சார், எல்லாம் ஓ.கே." என்று கிளம்பிவிட்டார். அச்சு வந்தது உண்மை. கூடவே திருடனுக்கும் கதவு திறந்தது. அன்று மாலையே அதை மாற்றினேன். நம் கணினியில் இருப்பது நம் கணக்கு மட்டுமா? வாடிக்கையாளர் விவரம், வங்கித் தாள், ஊழியர் சம்பளம் எல்லாம்தானே? சரியான வழி, நிர்வாகி ஒவ்வொரு கணினியிலும் டிரைவரை முன்கூட்டியே நிறுவிவிடுவது. ஐந்து கணினிக்கு அரை நாள் வேலை, அவ்வளவுதான். அச்சு வேலையே இல்லாத சர்வர்களில் ஸ்பூலரை நிறுத்தி வைப்பதும் நல்லது.

சிக்கிக்கொண்டால்

வரிசையில் ஒரு தாள் நகராமல் நின்றால் பின்னால் உள்ளதெல்லாம் நிற்கும். சர்வரில் சர்வீசஸ் பட்டியலைத் திறந்து 'பிரிண்ட் ஸ்பூலரை' நிறுத்துங்கள். விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று கோப்புறைகள் வழியே போய், கடைசிக் கோப்புறையின் உள்ளே இருப்பவற்றை மட்டும் அழித்துவிட்டு, ஸ்பூலரை மறுபடி தொடங்குங்கள். மற்றவர்கள் அனுப்பிய தாள்களும் போய்விடும் என்பதால் முதலில் குரல் கொடுத்துவிட்டுச் செய்ய வேண்டும்.

தமிழ் அச்சு

இது நம் சங்கங்களுக்கு முக்கியம். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு 'டெக்ஸ்ட்' முறையில் அனுப்பினால், எழுத்தின் எண் மட்டும்தான் போகும். வடிவம் பிரிண்டரின் உள்ளே இருக்க வேண்டும். அங்கே தமிழ் எழுத்து கிடையாது. ஆகவே டிரைவர் வழியாக, படமாக அனுப்ப வேண்டும். மெதுவாக வரும், ஆனால் தமிழாக வரும். அழைப்பிதழ்களை எழுத்துரு உட்பொதிந்த பி.டி.எஃப். ஆக்கி அனுப்பினால், எந்தக் கணினியிலிருந்து அச்சிட்டாலும் 'கொ' 'கோ' உடையாது.

இனி வருவது

துபாஷி இல்லாமலே பேசும் காலமும் வருகிறது. 'ஐ.பி.பி.' என்ற பொதுமொழி தெரிந்த புது பிரிண்டர்களுக்குத் தனி டிரைவர் தேவைப்படுவதில்லை. தயாரிப்பாளர்களின் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியே தருவதைப் படிப்படியாகக் குறைப்பதாக மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அறிவித்தது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. வீட்டில் ஒரே பிரிண்டர் என்றால் புதியது வாங்கும்போது இந்தப் பொதுமொழி தெரிந்ததா என்று கேட்டு வாங்குங்கள், சர்வரே வேண்டாம். கடையில் கார்பன் பில்லுக்குப் பழைய டாட் மேட்ரிக்ஸ் வைத்திருப்பவர்கள், அதன் டிரைவரை இன்றே ஒரு பென் டிரைவில் பத்திரப்படுத்துங்கள்.

கடைசியாக, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். பிரிண்டர் பெயர், ஐ.பி. எண், டிரைவர் பதிப்பு, மாற்றிய தேதி, மாற்றியவர் பெயர் ஆகியவற்றை அதில் எழுதுங்கள். பேரேடு எழுதும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. யார் என்ன மாற்றினார் என்பது நம் கையில் எழுத்தில் இருந்தால், யாரையும் நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை.