யாரு சார் கை வெச்சது?

சம்பளம் மாதிரி இல்லை ஸார் தலைமுடி. யாரும் கேட்காமலே ஏறும். மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக!

2020 மார்ச் 24 சாயங்காலம் ஆறு மணிக்குத் தமிழ்நாடு முழுக்க 144. பூட்டுக்குப் பேர் போன எங்கள் திண்டுக்கல்லில் சலூன்களுக்கும் பூட்டு விழுந்தது. முதல் மாசம் எப்படியோ ஓடிவிட்டது. ஏப்ரல் கடைசியில் காதைக் காணோம். மாஸ்க்கை எங்கே மாட்டுவது என்று தடவித் தேட வேண்டியிருந்தது. வீடியோ மீட்டிங்கில் பார்த்தால், எங்கள் மேனேஜரே பாகவதர் கிராப்போடு உட்கார்ந்திருக்கிறார்!

மே முதல் வாரம் என் மனைவி துணிந்துவிட்டாள். பால் பாக்கெட் வெட்டுகிற கத்தரி. பழைய பெட்ஷீட்.

"ஏங்க, ஆடாம உக்காருங்க. அஞ்சே நிமிஷம்."

குளித்துவிட்டு ஈரத் தலையோடு உட்கார்ந்தது என் தப்பு. ஈர முடி நீண்டு தொங்கும், காய்ந்தால் சுருங்கிக்கொள்ளும். அரை இன்ச் என்று வெட்டியது, காய்ந்த பிறகு ஒரு இன்ச்சாகத் தெரிந்தது. இடது கிருதா மேலே போய்விட்டது என்று வலதைக் குறைத்தாள். வலது அதிகம் போய்விட்டது என்று மறுபடி இடது. பூனைகளுக்கு அப்பம் பங்கிட்ட குரங்கின் தராசுதான்! கடைசியில் மொட்டை.

"பழனி வேண்டுதலா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். கோயிலே மூடியிருந்தது.

2021 ஏப்ரல் கடைசியில் மறுபடி சலூன்களை மூடியபோது தெளிந்துவிட்டேன். தலையை அலசி நன்றாகக் காயவிட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ட்ரிம்மர் முடியைப் பிடித்து இழுக்கும், உயிர் போகும். ட்ரிம்மரில் பெரிய நம்பர் சீப்பை முதலில் மாட்டுங்கள். பிடரியிலிருந்து மேல்நோக்கி. உச்சந்தலைப் பக்கம் போகவே வேண்டாம். குறைந்தால் இன்னொரு தடவை ஓட்டலாம். கூடிப் போனால் ஒட்ட வைக்க முடியுமா?

இன்னொன்று. கொரோனா வந்து தேறியவர்களில் பலருக்கு, ரெண்டு மூணு மாசம் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி கொட்டியது. எந்தக் கடும் காய்ச்சலுக்குப் பிறகும் இது நடக்கும். பெரும்பாலும் ஆறு மாசத்தில் தானாக நின்று, திரும்ப முளைத்துவிடும். இதற்காகக் கண்ட எண்ணெய்க்கெல்லாம் காசைக் கொட்டிய நண்பர்கள் எனக்கு உண்டு.

மொட்டைக் கதையை முடிக்கவில்லையே... மே 24-ம் தேதி சலூன்களைத் திறக்க அனுமதி கிடைத்தது. (ஆதார் நம்பரை எழுதிக்கொள்ளும் உத்தரவு ஜூனில்தான் வந்தது. பேங்க், சிம் கார்டு, கடைசியில் கிராப்பு!) வழக்கமான கடைக்குப் போனேன். தொப்பியைக் கழற்றினேன். கடைக்காரர் என் தலையைச் சுற்றி வந்தார்.

"யாரு சார் கை வெச்சது?"

"வீட்டுல..."

"காலையிலேர்ந்து நாலு பேரு சார். மூணு பேரு மொட்டை. ரெண்டு மாசம் கழிச்சுக் கடை திறந்தா, வெட்ட எங்க சார் முடி இருக்கு?"

நல வாரியத்தில் பதியாதவர்களுக்கும் அரசு அறிவித்த 2,000 ரூபாய்க்கு மனு கொடுத்திருக்கிறாராம். கடை வாடகை ரெண்டு மாசம் பாக்கி. அவர் நம்பர் என் போனில் இருந்தது. ஒரு தடவைகூட 'எப்படி இருக்கீங்க'ன்னு கேட்கவில்லை.

பிடரியை மட்டும் சீராக்கிவிட்டார். முழு கட்டிங் காசை நீட்டினேன். பாதியைத் திருப்பிக் கையில் வைத்தார்.

"அடுத்த மாசம் முடியோட வாங்க சார்."