பயத்தை விசாரியுங்கள்!

திருவண்ணாமலையில் கிரிவலம் வந்தவர்கள் ரமணாசிரமத்தையும் பார்த்திருப்பீர்கள். 1896-ல் மதுரையில் 16 வயதுப் பையனாக இருந்த ரமணரைத் திடீரென்று மரண பயம் பிடித்துக்கொண்டது. அவர் டாக்டரைத் தேடி ஓடவில்லை. பிணம்போல் படுத்துக்கொண்டு, சாகப்போவது யார் என்று விசாரித்தார். பயம் போயிற்று. சில வாரங்களில் அண்ணாமலைக்கே வந்து சேர்ந்துவிட்டார்.

"இதற்கும் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம்?" என்கிறீர்களா? இருக்கிறது.

2011-ல் வந்த 'காஞ்சனா'வின் கதாநாயகன் ராத்திரியில் அம்மா துணையில்லாமல் எழுந்திருக்கவே மாட்டான்! அவனைத்தான் பேய் பிடிக்கிறது. யார் என்று விசாரித்தால், பெற்றவர்கள் விரட்டிவிட்ட ஒரு திருநங்கை! அடைக்கலம் கொடுத்தவர் ஒரு முஸ்லிம் பெரியவர். இருவரும் மாண்டது ஒரு நிலத்துக்காக. கொன்றவனோ உயிரோடு நடமாடும் மனிதன். நம் பயம் பரிதாபமாக மாறிவிடுகிறது அல்லவா?

1995-ல் வந்த 'பம்பாய்' காதல் கதை. ஆனால் அங்கும் பயம் உண்டு. சேகரின் தகப்பனாருக்கு ஷைலா பானுவின் வீடு பூதம். அவள் தகப்பனாருக்கு இவர்கள் வீடு பூதம்! இரட்டைக் குழந்தைகளின் பெயர்களோ கபீர் நாராயண், கமல் பஷீர். இரண்டு தாத்தாக்களின் பெயரும் வந்துவிட்டது! பேரன்களைத் தேடி வந்த கிழவர்கள், சண்டை போட்டுக்கொண்டே சிநேகிதர்களாகிவிடுகிறார்கள். ஊரோ எதையும் விசாரிக்காமல் தீ வைக்கிறது. அந்தக் கலவரத்தில் அவர்கள் உயிரும் போகிறது.

சகோதரிகளே, பக்கத்து வீட்டுக்கு வேறு மதத்தார் குடிவந்தால் கதவைச் சாத்தாதீர்கள். "எந்த ஊர்? எத்தனை குழந்தைகள்?" என்று முதலில் விசாரியுங்கள்.