புயத்தசை பிசகினால்

விடுமுறை முடிந்து ஊரிலிருந்து திரும்பும் மாணவர், அரிசியும் ஊறுகாய் ஜாடியும் புத்தகங்களும் அடைத்த பெட்டியை ரயிலின் மேல் தட்டுக்கு ஒரே மூச்சில் ஏற்றப் பார்க்கிறார். பாதி உயரத்தில் பெட்டி நழுவுகிறது. தாங்கிப் பிடிக்கும்போது மேற்கையில் 'சுரீர்' என்கிறது. விடுதிக்கு வந்ததும் அறை நண்பர்கள் சொல்லும் வைத்தியம் ஒன்றே: "சுளுக்குத்தான், எண்ணெய் போட்டு உருவிவிட்டால் சரியாகிவிடும்!" நண்பர்களே, இந்த யோசனையைத்தான் முதலில் தள்ளிவைக்க வேண்டும்.

மூட்டில் எலும்போடு எலும்பைக் கட்டும் நார்கள் பிசகுவது சுளுக்கு. இங்கே கிழிந்திருப்பவை தசையின் இழைகள். மேற்கையின் முன்புறத்தில் திரண்டு நிற்பது இருதலைத் தசை. அது தோள்பட்டை எலும்பில் இரு தலைகளாகத் தொடங்கி, முழங்கையைக் கடந்து, உறுதியான நாணாக முன்கையின் ஆரை எலும்பில் சேருகிறது. கையை மடக்குவதே இதன் வேலை என்று எண்ணுகிறோம். அவ்வேலையில் பெரும் பங்கு இதன் அடியில் ஒளிந்திருக்கும் வேறொரு தசைக்கு உரியது. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புவதில்தான் இருதலைத் தசைக்கு முதலிடம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

சுமையைத் தூக்கும்போதைவிட, சுமையோடு கை நீளும்போதுதான் இழைகள் எளிதில் கிழிகின்றன. கம்பியில் தொங்கிப் பயிற்சி செய்பவர் கீழே இறங்குகையில் வலி எடுப்பது இதனால்தான். சில இழைகளே அறுந்திருந்தால் பலம் குறையாது. ஒன்று முதல் மூன்று வாரத்தில் ஆறிவிடும். வீக்கமும் கன்றலும் இருந்தால் நாலு முதல் எட்டு வாரம்கூட ஆகலாம்.

உருவுவதில் என்ன கெடுதல்? கிழிந்த இடத்தில் இரத்தம் கசிந்திருக்கிறது. அழுத்தித் தேய்த்தால் மீண்டும் கசியும். முழங்கைப் பக்கம் ஓயாமல் தேய்த்ததால் தசைக்குள்ளேயே எலும்பு படிந்து, கை நீளவும் மடங்கவும் முடியாமல் போனவர்கள் உண்டு. வெந்நீர் ஒத்தடமும் முதல் இரண்டு நாளுக்கு வேண்டாம். கைக்கு ஓய்வு கொடுத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் வலி தணியும். 1978-இல் ஓய்வையும் பனிக்கட்டியையும் சேர்த்துப் பிரபலப்படுத்திய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்க்கின், 2014-இல் அவை ஆறுதலைத் தாமதப்படுத்தக்கூடும் என்று எழுதினார்! ஆகவே பனிக்கட்டியை வலிக்கு மட்டும் வைத்துக்கொள்வோம்.

மூன்று நாலு நாளுக்குமேல் கையைக் கட்டிவைப்பதும் தவறு. வலி மிகாத அளவில் மடக்கி நீட்ட வேண்டும். பிறகு மேசையின் அடியில் உள்ளங்கையை வைத்து மேல்நோக்கி அழுத்தலாம். அது நோகாதபோது தண்ணீர்ப் புட்டியைத் தூக்கி, மெள்ள, மிக மெள்ள இறக்கிப் பழக வேண்டும். புதிதாக வளரும் இழைகள் ஒழுங்காக அடுக்கப்படுவது இந்த அசைவினால்தான்.

நாணைப் பலவீனமாக்கும் பொருள்கள் இரண்டு. ஒன்று, உடற்பயிற்சிக் கூடங்களில் சிலர் நாடும் அனபாலிக் ஸ்டீராய்டு. மற்றது, வயிற்றுப்போக்குக்கு நாமே கடையில் வாங்கி விழுங்கும் சிப்ரோஃபிளாக்சசின். இவ்வகை மருந்துகளால் நாண் அறுபடக்கூடும் என்று 2008-இல் அமெரிக்க அரசு கட்டமிட்ட எச்சரிக்கையே அச்சிடச் செய்தது.

நாண் முழுதும் அறுவது இளைஞருக்கு அரிது. ஆனால் நேர்ந்தால் ஏமாற்றிவிடும். முழங்கையருகே 'டப்' என்ற சத்தம், மடிப்பில் கன்றல், தசை மேலே உருண்டு திரண்டு நிற்கும். அப்போதும் கை மடங்கும், அடியிலுள்ள தசை மடக்குவதால்! பூட்டில் சாவியைத் திருகிப் பாருங்கள். வலக்கையானால் அதில் பலம் இராது. அப்படியானால் அன்றே எலும்பு மருத்துவரிடம் செல்ல வேண்டும். சுமார் இரண்டு வாரத்துக்குள் தைத்தால் நாண் பழைய இடத்தில் எளிதாகச் சேரும். பரீட்சை முடியட்டும் என்று இருந்தால் அது சுருங்கி மேலே ஏறிவிடும். பிறகு வேறிடத்து நாணை எடுத்து ஒட்டுப்போட நேரலாம்.