மறுப்பவர்முன் செவிலியர்

2019 பிப்ரவரியில் ஜொகூர் மாநிலத்துப் பாசிர் கூடாங் வட்டாரத்தில், இரண்டு அகவைச் சிறுவன் ஒருவன் தொண்டை அடைப்பானுக்குப் பலியானான். அவன் தடுப்பூசி போடப்படாத குழந்தை. அப்பெற்றோரின் உள்ளத்தைத் துருவுவது நம் வேலையன்று. ஆனால் சமயத்தின் பெயரால் ஊசியை மறுக்கும் குரல் மலேசியச் செவிலியர்க்குப் புதிதன்று. சில தடுப்பூசிகளின் ஆக்கத்தில் பன்றிக் கணையத்து நொதி பயன்படுகிறது; ஐயம் பெரும்பாலும் அங்கிருந்தே கிளைக்கிறது. இசுலாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிம் தடுப்பூசியை ஆதரித்தே வந்துள்ளது. இருந்தும், தாய்மார் கேள்வி கேட்பது எதிரே நிற்கும் செவிலியரிடந்தான்.

தொண்டை அடைப்பானின் நுண்ணுயிரி தொண்டையில் சாம்பல்நிறப் படலம் விரித்து மூச்சை அடைக்கும். அதனினும் கொடிது அது கக்கும் நஞ்சு. உயிரணுவினுள் புகுந்து புரத ஆக்கத்தையே நிறுத்திவிடும். இதயத் தசையும் நரம்பும் நலியும். குதிரைக் குருதியிலிருந்து பெறும் நச்சுமுறி, வெளியே உலவும் நஞ்சை மட்டுமே பிணிக்கும். உள்ளே புகுந்ததை மீட்காது. மருத்துவம் தொடங்கச் சுணங்கும் ஒவ்வொரு மணிநேரமும் நஞ்சுக்கே ஆதாயம்.

அகவை நிரம்பியவர் தமக்கென மறுப்பது வேறு. கனடாவின் ஒன்டாரியோவில், 1979இல், சாலை நேர்ச்சியில் நினைவிழந்து கிடந்த, யெகோவா சாட்சிகள் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த பெண்ணின் கைப்பையிலிருந்து, குருதி ஏற்றலாகாது என்னும் அட்டையை எடுத்தவர் ஒரு செவிலியர். அட்டையை அறிந்தும் மருத்துவர் குருதி ஏற்றினார். பிழைத்த பெண் வழக்காடி 20,000 டாலர் இழப்பீடு பெற்றார்; 1990இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. உயிர் காத்தவருக்குத் தண்டமா என்று மனம் பொருமத்தான் செய்யும். தீர்ப்பு சரி என்பதே என் துணிபு.

ஆனால் எதை மறுக்கிறார் என்று கேட்டறியாமல் மறுப்பை மதிப்பது அரைகுறைப் பணி. யெகோவா சாட்சிகள் சிவப்பணு, வெள்ளணு, தட்டணு, குருதிநீர்மம் ஆகியவற்றை விலக்குவர். அவற்றிலிருந்து பிரிக்கும் அல்புமின் போன்ற கூறுகளை ஏற்பது அவரவர் மனச்சான்றுக்கு விடப்பட்டது. ஒவ்வொன்றாகக் கேட்டு, இயன்றால் உறவினர் இல்லாத வேளையில் கேட்டு, எழுதிவைக்க வேண்டும். குருதி உறையாதிருக்கச் செலுத்தும் ஹெப்பாரின் பன்றிக் குடலிலிருந்து பெறப்படுவது. ஒரு முசுலிம் நோயாளியிடம் அதைச் சொல்லாமல் ஏற்றிவிடுவது எளிது, நேர்மையன்று.

குழந்தைக்கோ நம்பிக்கை பெற்றோருடையது, தொண்டை தன்னுடையது. மலேசியாவின் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி, உடனடித் தீங்கு உண்டென மருத்துவர் எழுத்தில் சான்றளித்தால், பெற்றோர் தக்க காரணமின்றி மறுத்தாலும் பாதுகாவல் அலுவலர் மருத்துவத்துக்கு இசைவு தரலாம். நலமாய் விளையாடும் குழந்தைக்குப் போடவேண்டிய ஊசிக்கு இவ்வழி இல்லை. தடுப்பூசி அங்கே கட்டாயமுமன்று. அந்நிலையில் செவிலியரின் சொல்லே கருவி. இன்று மறுத்த தாயைக் கடிந்து அனுப்பினால் அவர் மறுமுறை வரமாட்டார். அடுத்த நாளைக் குறித்துக் கொடுத்து, காய்ச்சலோடு கழுத்து வீங்கினாலோ, விழுங்க முடியாமல் அழுதாலோ, மூச்சில் இரைச்சல் கேட்டாலோ இரவென்று பாராமல் தூக்கி வரச் சொல்லி அனுப்ப வேண்டும்.