டெல்லி ரயிலில் இரண்டு ராத்திரி: தண்ணியும் சாப்பாடும்



கண்காட்சி என்று டெல்லிக்கும் நாக்பூருக்கும் போபாலுக்கும் கிளம்புகிற நம் உறுப்பினர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். சரக்கை எப்படிக் கட்டுவது, விலைச்சீட்டு எப்படி ஒட்டுவது, பில் புத்தகம் எப்படி எழுதுவது என்று எல்லாவற்றுக்கும் பயிற்சி நடக்கிறது. ஆனால் அங்கே போய்ச் சேருகிற வரைக்கும் ரயிலுக்குள் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. நாங்கள் ஐந்து பேர் சுங்குடிச் சேலைகளோடு டெல்லி போய் வந்ததில் பட்டதைச் சொன்னால் அடுத்துப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறோம்.

சென்னையிலிருந்து டெல்லி சுமார் 2,200 கிலோமீட்டர். ராத்திரி ஏறினால் மூன்றாம் நாள் காலையில்தான் இறங்க முடியும். நடுவில் விஜயவாடா, வாரங்கல், பல்லார்ஷா, நாக்பூர், போபால், ஜான்சி, ஆக்ரா என்று ஊர் போய்க்கொண்டே இருக்கும். படுக்கை வசதிப் பெட்டி ஒன்றில் 72 பேர், புது மாதிரிப் பெட்டியாக இருந்தால் 80 பேர். அத்தனை பேருக்கும் நாலே கழிப்பறை. எங்கள் கஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது.

எங்களில் மூத்தவர் ஒரு பெரியக்கா, வயது 52. பெட்டியில் ஏறியதுமே கழிப்பறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "நான் டெல்லி போற வரைக்கும் தண்ணியே குடிக்கப் போறதில்ல தாயி" என்றார். நாங்களும் சிரித்தோம். சிரித்தது எங்கள் தப்பு. இரண்டு ராத்திரி ஒரு பகலுக்கு அவர் குடித்தது மொத்தமே அரை பாட்டில்தான் இருக்கும். டெல்லியில் இறங்கும்போது குளிர் காய்ச்சல், அடிவயிற்றில் வலி, சிறுநீர் போனால் நெருப்பாய் எரிகிறது என்று அழுதுவிட்டார். டாக்டர் பார்த்துவிட்டு சிறுநீர்த் தொற்று என்றார். கண்காட்சியின் முதல் இரண்டு நாளும் அவர் படுக்கையில். முடிச்சுப் போடுகிற விதத்தை வாங்க வருகிறவர்களுக்குக் காட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அந்த இரண்டு நாளும் கடைக்கு முன்னால் கூட்டம் நின்றது, வியாபாரம் நிற்கவில்லை.

தண்ணீர் குடிக்காமல் இருந்து, வருகிற சிறுநீரையும் மணிக்கணக்கில் அடக்கினால் கிருமி உள்ளேயே தங்கிப் பெருகும். பெண்களுக்குச் சிறுநீர்ப் பாதை நீளம் குறைவு என்பதால் தொற்று சீக்கிரம் மேலேறும். நம்மில் நிறையப் பேருக்கு இது பஸ் பயணத்திலேயே வந்திருக்கும், வெளியில் சொல்லியிருக்க மாட்டோம். ரயிலில் 34 மணி நேரம் என்றால் கேட்கவே வேண்டாம். சர்க்கரை வியாதி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்த விஷயத்தில் விளையாடவே கூடாது.

திரும்பி வரும்போது முறையை மாற்றினோம். இரண்டு பேராகப் போவது, ஒருத்தி உள்ளே, ஒருத்தி கதவுக்கு வெளியே. ஒரு பழைய பிளாஸ்டிக் கப், சோப்புத் துண்டு, துடைக்க பழைய வேட்டித் துணியைக் கிழித்து வைத்துக்கொண்டோம். விடிகாலை ஐந்து மணிக்கு முன்னால் போய்விட்டால் ஓரளவு சுத்தமாக இருக்கும், தண்ணீரும் வரும். எட்டு மணிக்குப் போனால் வரிசை, குழாயிலும் காற்றுதான். சில பெரிய ஸ்டேஷன்களில்தான் பெட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவார்கள், அடுத்தது வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இங்கே ஒரு விஷயம். முன்பெல்லாம் கழிப்பறை ஓட்டை நேராகத் தண்டவாளத்தில் திறக்கும், அதனால்தான் ஸ்டேஷனில் நிற்கும்போது போகாதே என்பார்கள். இப்போது பெட்டிக்கு அடியில் தொட்டி வைத்த உயிரிக் கழிப்பறை. ரயில்வேயும் ராணுவ ஆராய்ச்சித் துறையும் சேர்ந்து கொண்டுவந்தது. தொட்டிக்குள் இருக்கிற நுண்ணுயிர்கள் மலத்தைத் தின்று தண்ணீராகவும் வாயுவாகவும் ஆக்கிவிடும், நம் ஊர் சாண எரிவாயுக் கலன் மாதிரிதான். ஆனால் அதுகளால் பிளாஸ்டிக்கைத் தின்ன முடியாது. நாப்கின், தண்ணீர் பாட்டில், குட்கா பாக்கெட் விழுந்தால் அடைத்துக்கொள்ளும், அப்புறம் பெட்டி முழுக்க நாற்றம். வேலை செய்கிறவர் கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும். அதனால் மாதவிடாய் நாளில் பயணம் என்றால் பழைய செய்தித்தாளும் கருப்புக் கவரும் கூடவே எடுத்துப் போங்கள். மடித்துச் சுற்றி வாஷ்பேசின் பக்கத்துக் குப்பைத்தொட்டியில் போடலாம். நாம் நாப்கின் தயாரித்து விற்கிற குழுக்காரர்கள், நாமே உள்ளே போட்டுவிட்டு வந்தால் எப்படி?

சரி, சாப்பாட்டுக்கு வருவோம்.

போகும்போது வீட்டிலிருந்து கட்டியது தேங்காய்ச் சாதம், இட்லி, தேங்காய்ச் சட்னி. ஆளுக்கு ஒன்று செய்து கொண்டுவந்தோம், யாரும் யோசிக்கவில்லை. சட்னி அன்று சாயங்காலமே நுரைத்துவிட்டது. மறுநாள் காலையில் தேங்காய்ச் சாதத்தைத் திறந்தால் நூல் விட்டு வருகிறது. ஒருத்தி மட்டும் நல்லெண்ணெய் தாராளமாய் விட்டுப் புளிச்சாதம் கிளறி வந்திருந்தாள், அதுதான் ஐந்து பேருக்கும் காலைச் சாப்பாடு. தேங்காயில் ஈரமும் பாலும் இருப்பதால் சீக்கிரம் கெடும். புளியும் எண்ணெயும் சேர்ந்தது தாங்கும். சாதத்தை நன்றாக ஆறவிட்டுக் கிளற வேண்டும், சூட்டோடு டப்பாவில் அடைத்தால் வியர்த்து அதுவும் போய்விடும். மிளகாய்ப்பொடி எண்ணெயில் புரட்டிய இட்லி ஒரு நாள் தாங்கும். தட்டை, அவல், பொரிகடலை எப்போதும் கைகொடுக்கும். நம் குழு சத்துமாவு இரண்டு பாக்கெட் இருந்தால் சூடான பால் வாங்கிக் கலக்கிக்கொள்ளலாம், போகும்போது இது எங்கள் புத்தியில் படவில்லை.

மத்தியானம் வேறு வழியில்லாமல் ரயிலில் வாங்கினோம். தட்டை நீட்டியவர், "ஒன் தர்ட்டி" என்றார். ஐந்து பேருக்கு 650 ரூபாய். ஆறிப்போன சாதம், வரட்டு ரொட்டி, தண்ணீராய் ஒரு பருப்பு. பசி, கொடுத்துவிட்டோம். பில் கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

டெல்லியில் பக்கத்துக் கடையில் இருந்த ஆந்திரக் குழுக்காரப் பெண்கள்தான் விவரம் சொன்னார்கள், அவர்களுக்கு இதில் நல்ல பழக்கம். மெயில், எக்ஸ்பிரஸ் ரயில்களில் சாதாரண சைவச் சாப்பாட்டுக்கு ரயில்வே வைத்த விலை 80 ரூபாய், வரியும் சேர்த்து. 2019 கடைசியில் வைத்த விலை அது, 2025-லும் ரயில்வே அதையே சொல்லியிருக்கிறது. அதில் சாதம் 150 கிராம், பருப்பு அல்லது சாம்பார் 150 கிராம், இரண்டு பரோட்டா அல்லது நாலு ரொட்டி, காய் 100 கிராம், தயிர் 80 கிராம், ஊறுகாய் வர வேண்டும். முட்டைக் குழம்போடு 90, கோழிக் குழம்போடு 130. காலைச் சைவப் பலகாரம் 40, ஆம்லெட்டோடு 50. ரயில்வேயின் ரயில் நீர் ஒரு லிட்டர் பாட்டில் 15 ரூபாயாக இருந்தது, 2025 செப்டம்பரில் 14 ஆக்கினார்கள். வந்தே பாரத், ராஜ்தானி மாதிரி வண்டிகளுக்குக் கணக்கு வேறு.

அப்படியென்றால் நாங்கள் கோழி விலை கொடுத்துப் பருப்பு சாப்பிட்டிருக்கிறோம். ஆளுக்கு 50 ரூபாய், மொத்தம் 250. நம் குழுவில் ஒருத்தி வாரம் 50 வீதம் ஐந்து வாரம் சேமிக்கிற பணம். ஒரு ரூபாய் குறைந்தால் தீர்மான நோட்டில் எழுதிக் கேள்வி கேட்கிறவர்கள் நாம். ரயிலில் வாய் மூடிக்கொண்டோம்.

திரும்பும்போது மூடவில்லை. "80 ரூபாய் மீல்ஸ் குடுங்க, பில்லும் குடுங்க" என்றோம். முதலில் அது தீர்ந்துவிட்டது, பனீர் போட்டதுதான் இருக்கிறது, 120 என்றார். இது வழக்கமான சமாளிப்பாம். பிறகு மிஷின் ரிப்பேர் என்றார். பில் இல்லை என்றால் பணம் இல்லை என்று ரயில்வேயே 2019-ல் அறிவித்திருக்கிறது என்று எங்கள் செயலாளர் அரைகுறை இந்தியில் சொல்ல, அவர் தட்டையே எடுத்துக்கொண்டு போய்விட்டார்! பசியோடு உட்கார்ந்து 139-க்குப் போன் போட்டோம். டிக்கெட்டில் இருக்கிற பத்து இலக்க பிஎன்ஆர் எண்ணையும் பெட்டி எண்ணையும் கேட்டார்கள். முக்கால் மணி நேரம் கழித்து மேற்பார்வைக்காரர் ஒருவர் வந்து, தலைக்கு 80 வாங்கிக்கொண்டு பில்லோடு சாப்பாடு கொடுத்தார். சாப்பாடு ருசி என்று சொல்ல மாட்டோம், தயிர் நன்றாக இருந்தது.

எல்லாப் புகாரும் இப்படி முடியும் என்று நினைக்க வேண்டாம். அன்று சாயங்காலம் கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்று அதே எண்ணுக்குச் சொன்னோம். யாருமே வரவில்லை, "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி மட்டும் வந்தது. மறுபடி போட்டோம். இரண்டாவது தடவைதான் அடுத்த பெரிய ஸ்டேஷனில் தண்ணீர் ஏற்றினார்கள். இதே 139-ல் உடம்பு சரியில்லை, பாதுகாப்பில்லை என்றால் எண் 1-ஐ அழுத்த வேண்டும். செல்லில் இணைய வசதி இருந்தால் ரயில் மதத் என்ற செயலியில் போட்டோவோடு புகார் அனுப்பலாம்.

சுத்தத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். 2017-ல் மத்தியக் கணக்குத் தணிக்கைத் துறை 74 ஸ்டேஷன்களிலும் 80 ரயில்களிலும் சோதித்து அறிக்கை கொடுத்தது. டீ, காபிக்குக் குழாய்த் தண்ணீரை அப்படியே பயன்படுத்துவது, மிச்சத்தை மறுபடி விற்பது, எலி, கரப்பான், பில் கொடுக்காதது எல்லாம் அதில் வந்தது. அதன் பிறகு சாப்பாட்டுப் பொட்டலத்தில் எந்தச் சமையல்கூடத்தில் செய்தது என்று பார்க்கக் குறியீடு ஒட்டுவது போன்ற மாற்றங்கள் வந்திருக்கின்றன. இருந்தாலும் நாங்கள் ஆவி பறக்கிறதை மட்டும்தான் வாங்கினோம். வெட்டி வைத்த பழம், திறந்த தட்டில் வருகிற சமோசா பக்கம் போகவில்லை. வாழைப்பழமும் நாக்பூர் ஆரஞ்சும் தோலோடு வருகிறவை, பயமில்லை. கையில் காசு குறைவாக இருந்தால் பெரிய ஸ்டேஷன் பிளாட்பாரங்களில் பொதுப் பெட்டி நிற்கிற இடத்தில் 20 ரூபாய்க்கு ஏழு பூரி, உருளைக்கிழங்கு, ஊறுகாய் கிடைக்கும். இறங்குவதற்கு முன்னால் எத்தனை நிமிஷம் நிற்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இடம் பிடிப்பதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. தூரத்து மெயில், எக்ஸ்பிரஸ் ரயில்களில் படுக்கை வசதி வகுப்பில் ஆறு படுக்கைகள் பெண்களுக்கென்று ஒதுக்கீடு. தனியாகவோ பெண்கள் மட்டும் குழுவாகவோ போனால், வயது எதுவானாலும் கேட்கலாம். முன்பதிவுப் படிவத்தில் மகளிர் ஒதுக்கீடு என்று எழுதச் சொல்லுங்கள். 45 வயது தாண்டிய பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இடம் இருந்தால் கீழ்ப் படுக்கை கிடைக்கும், படிவத்தில் வயதைக் குறைத்து எழுதாதீர்கள்! முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும், 120 நாள் என்பது 2024 நவம்பரோடு போய்விட்டது. 58 வயதுப் பெண்களுக்கு இருந்த பாதிக் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, அதை நம்பிப் பயணப் பணம் ஒதுக்க வேண்டாம். நடுப் படுக்கையை ராத்திரி 10 முதல் காலை 6 வரைதான் விரிக்கலாம், பகலில் எல்லோரும் கீழே உட்காரத்தான் வேண்டும். சரக்கு மூட்டை ஆளுக்கு 40 கிலோ வரை இலவசம். அதற்கு மேல் என்றால் பார்சல் ஆபீசில் பதிந்துவிடுங்கள். காலுக்கடியில் மூட்டையை வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி மடங்கிக் கிடந்தது எங்களுக்குப் போதும்.

கார்த்திகை, மார்கழியில் போகிறவர்கள் கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். போபால் தாண்டினதும் ஜன்னல் இடுக்கில் வருகிற காற்று எலும்பைத் தொடும். நாங்கள் விற்கக் கொண்டுபோன சேலையில் இரண்டைப் பிரித்துப் போர்த்திக்கொண்டோம், அது கணக்கில் 'மாதிரித் துணி' என்று எழுதியிருக்கிறது.

பெரியக்கா இப்போது நலம். அடுத்த கண்காட்சிக்கும் அவர்தான் வருகிறார், ஒரு கப்பும் இரண்டு லிட்டர் தண்ணீர்க் கேனும் இப்போதே வாங்கி வைத்துவிட்டார். பெயர் கொடுத்தவர்கள் ஆதார் நகலை வரும் மாதக் கூட்டத்துக்குள் ஊக்குநரிடம் கொடுங்கள். ஐந்து பேருக்கும் ஒரே டிக்கெட்டாகப் போட வேண்டும். புளிக்காய்ச்சல் யார் செய்வது என்பதையும் அன்றே பேசிக்கொள்ளலாம்.